வயிறு நிறையப் பச்சை

கொட்டாஞ்சேனையில் அலங்கார மீன் விற்கும் கடையொன்றின் மேல்மாடியில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. களனியில் விலங்கியல் படித்து முடித்திருந்தேன். உடன் படித்தவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டு விண்ணப்பங்கள் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நான் காலையில் வெள்ளவத்தையில் பஸ் ஏறி, கோட்டையில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பிராணிகளுக்குச் சாப்பாடு போடப் போனேன்.

அந்தப் பிராணிகளுக்கு ரொட்டிஃபர் என்று பெயர். ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், தூசு தானாக அசைவதுபோல் தெரியும். நுணுக்குக்காட்டியில் வைத்தால் சின்னக் கிண்ணம் மாதிரி ஓர் உடல், வாயைச் சுற்றிச் சுழலும் மயிர்வட்டம், ஒற்றைக் கால். நுண்பாசி கலந்த பச்சைத் தண்ணீரை அந்த மயிர்வட்டத்தால் சுழற்றி உள்ளே இழுத்துச் சாப்பிடும். பெண்கள் ஆணில்லாமலே முட்டையிடும்; முட்டையைப் பின்பக்கத்தில் ஒட்டிச் சுமந்துகொண்டே திரியும். கடல்மீன் குஞ்சுகள் பலவற்றுக்கு முதல் சில நாட்கள் வாய் அவ்வளவு சிறியது. தூளாக்கிய எந்த உணவும் உள்ளே போகாது, அசையாத எதையும் அவை தொடவும் மாட்டா. ரொட்டிஃபர் இல்லையென்றால் குஞ்சு இல்லை. என்னுடைய வேலை அவ்வளவுதான்.

கடையை நடத்தியவர் நாற்பத்தைந்து வயதிருக்கக்கூடிய ஓர் அக்கா. கப்பல் கம்பெனி ஒன்றில் கிளார்க்காக இருந்தவர். தகப்பன் இறந்தபின் வேலையை விட்டுவிட்டு அவருடைய கடையை எடுத்துக்கொண்டவர். கீழே கடை, மேலே தொட்டிகள், பின்னால் வீடு. முதல் நாளிலிருந்தே என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிட்டார். அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு கேலி என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை. ரொட்டிஃபர் அவர் வாயில் இரண்டாம் நாளே ரொட்டி ஆகிவிட்டது. "மிஸ், ரொட்டியெல்லாம் எழும்பிட்டுதா?" என்று கீழேயிருந்து கேட்பார். கடைக்கு வந்தவர்கள் மேலே பேக்கரி இருப்பதாக நினைத்திருக்கக்கூடும்.

மேல்மாடியில் ஜன்னலோரத் தொட்டியில் ஒரு சோடி கோமாளி மீன்கள் இருந்தன. செம்மஞ்சள் உடலில் மூன்று வெள்ளைக் கோடுகள். பெண் பெரியது, ஆண் அதன் பாதி. அக்கா அவற்றை மாப்பிள்ளை, பொம்பிளை என்றுதான் சொல்வார். ஐந்து வருடமாக அவருடன் இருந்தவை. நான் வேலைக்குச் சேர்ந்த மாதம்தான் அவை முதன்முதலாகத் தொட்டிக்குள் கிடந்த மண்சட்டியில் முட்டையிட்டன. பெண் இட்டுவிட்டுப் போய்விடும். ஆண்தான் எட்டு நாளும் அந்த இடத்தை விட்டு நகராமல், செட்டையால் விசிறி, வாயால் துடைத்து, கெட்டதைப் பொறுக்கி எறிந்துகொண்டு நிற்கும். அக்கா ஸ்டூலைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். இந்தச் சோடி என்றாவது முட்டையிட்டால் குஞ்சுகளை வளர்த்தெடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்னை எடுத்திருந்தார்.

நான் பட்டியல் போட்டு வாழ்கிறவள். முதல் வாரமே சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். காலையில் முதலில் பாசி அறை, பிறகுதான் ரொட்டிஃபர் அறை; திரும்பப் பாசி அறைக்குள் போகக்கூடாது, ஏனென்றால் கையில் ஒட்டிய ஒரு சொட்டில் ஒரு ரொட்டிஃபர் போனாலும் பச்சை முழுவதையும் தின்று தீர்த்துவிடும். ஒவ்வொரு தொட்டிக்கும் தனிச் சல்லடை. கடல்தண்ணீரை ப்ளீச் போட்டு ஒரு நாள் வைத்து, பிறகு ப்ளீச்சை முறித்துப் பாவித்தல். பாசிக்கான உரத்தண்ணீரை அக்காவின் பிரஷர் குக்கரில் வேகவைத்தல். பதினாலு வரி இருந்தது. அக்கா வாசித்துவிட்டு, "எங்கட கொன்வென்ட்டில கூட இவ்வளவு இல்லை மிஸ்" என்றார்.

பின் பல்கனியில் அவருடைய பழைய பச்சை வாளி ஒன்று நின்றது. யாரோ நண்பர் கொடுத்த ரொட்டிஃபரை அதில் விட்டு, பாண் மாவில் போடுகிற ஈஸ்ட்டைக் கரைத்து ஊற்றி வளர்த்துவந்தார். புளித்த மணம் வரும், மேலே ஏடு படிந்திருக்கும். அது ஆகாது என்று ஒரே பார்வையில் தீர்மானித்தேன். சாக்கடையில் கொட்டி, வாளியை ப்ளீச்சில் ஊறவிட்டேன். களனியிலிருந்து புதிய ரொட்டிஃபர் கொண்டுவந்தேன். தொட்டியில் விடுமுன் அவற்றையும் கிருமிகொல்லி மருந்து கலந்த தண்ணீரில் அலசினேன். எல்லாம் கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

முதல் தடவை பொரித்த குஞ்சுகள் மூன்றாம் நாள் காலையில் தொட்டியின் அடியில் வெள்ளை நூல்துண்டுகளாகக் கிடந்தன. என்னிடமிருந்த ரொட்டிஃபரெல்லாம் முதல் நாளே முடிந்துபோயிருந்தன. அதற்குப் பிறகு போட ஒன்றும் இல்லை. தொடக்கம் அப்படித்தான் இருக்கும் என்று அக்காவிடம் சொன்னேன். இரண்டு கிழமை கழித்து மீண்டும் முட்டை, மீண்டும் மூன்றாம் நாள். மூன்றாவது தடவையும் அதேதான். ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் இன்னும் அதிகமாகக் கழுவினேன்; தொட்டிகளிலும் கிருமிகொல்லி விடத் தொடங்கினேன். சுவர்த் தாளில் வரிகள் பத்தொன்பதாகின.

ரொட்டிஃபர்கள் சாகவில்லை என்பதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது. நுணுக்குக்காட்டியில் நன்றாகத்தான் நீந்தின. வயிறு நிறையப் பச்சை. ஆனால் பின்பக்கம் வெறுமை. நூறில் மூன்றோ நாலோதான் முட்டை சுமந்தன. உப்பு, வெப்பம், காற்று, வெளிச்சம் எல்லாவற்றையும் கொப்பியில் கட்டம் கட்டி எழுதி, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டே இருந்தன, பெருகவில்லை.

மூன்றாவது தடவைக்குப் பிறகு அக்கா செத்த குஞ்சுகளைத் தானே குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார். என்னை விடவில்லை. அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்தார். வந்தவர் சோடியின் முன்னால் நின்றபடி, மாளிகாவத்தை நானாவுக்கு இவற்றைக் கொடுத்துவிடப்போவதாகச் சொன்னார். நானா என்பவர் கடைகளிலிருந்து மீன் சேர்த்து ஏற்றுமதிக்காரர்களுக்குக் கொடுக்கும் முஸ்லிம் வியாபாரி. நல்ல மனிதர். தனக்குத் தெரிந்த பெரிய பண்ணை ஒன்றில் இந்தச் சோடியைக் கேட்கிறார்கள் என்று பல மாதமாகச் சொல்லிவந்தார். அக்கா ஒவ்வொரு முறையும் சிரித்துத் தட்டிவிடுவார்.

"என்ட கையில ராசி இல்லை மிஸ்," என்றார் இப்போது. "அதுகள் அவ்வளவு பாடுபடுதுகள். எனக்கிட்ட இருந்து எல்லாம் வீணாத்தான் போகுது. அங்க போனாலாவது பிள்ளை பிழைக்கும்."

பெண் மீனுக்கு வயதாகிவிட்டது, முட்டையில் பலமில்லை, தான் காலத்தோடு கொடுத்திருக்க வேண்டும் என்று அவர் ஒவ்வொரு காரணமாகச் சொல்லிக்கொண்டு போனார். எல்லாக் காரணங்களும் அவரிலோ மீனிலோதான் வந்து நின்றன. எனக்கு வேறு காரணம் தெரியாததால் நானும் பேசாமல் இருந்தேன். இன்னும் ஒரு தடவை பார்ப்போம் என்று மட்டும் கேட்டேன். ஒரே ஒரு தடவை என்று ஒத்துக்கொண்டார். அதுவும் செத்தால் அந்தக் கிழமையே நானா வந்து எடுப்பார் என்று பேச்சானது.

அடுத்த முட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை இடப்பட்டது. திங்கட்கிழமை நான் அரைநாள் லீவு எடுத்திருந்தேன். அம்மாவை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. சில மாதங்களாக அம்மாவுக்கு இரண்டு பாதமும் விறைத்துப்போவதுபோல் இருந்தது. செருப்புக் கழன்று விழுந்தாலும் தெரியாமல் காலி றோட்டில் வெறுங்காலோடு நடந்துவந்த நாளும் உண்டு. இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டொக்டர், இறைச்சி, மீன், முட்டை சாப்பிடுவீர்களா என்று கேட்டார். அம்மா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து தொட்டதில்லை என்றார். பால்? அதுவும் தேத்தண்ணிக்கு மட்டும். டொக்டர் சிரித்தபடி, அம்மாவின் உடம்பில் விற்றமின் பி12 தீர்ந்துபோய்விட்டது என்றார். அதை மரக்கறியும் செய்யாது, மிருகமும் செய்யாது, பற்றீரியாதான் செய்யும். மற்ற எல்லோரும் அதனிடமிருந்து வாங்கிக்கொள்கிறவர்கள் மட்டும்தான். அந்தக் காலத்தில் கிணற்றுத் தண்ணீரிலும் சரியாகக் கழுவாத கீரையிலும் கொஞ்சமாவது சேர்ந்திருக்கும், இப்போது எல்லாம் அளவுக்கு மீறிச் சுத்தம் என்று பகிடியாகச் சொல்லிக்கொண்டே ஊசிமருந்து எழுதினார்.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. மூன்றாம் வருடப் பரீட்சையில் இதை எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். ரொட்டிஃபருக்கு பி12 இல்லாமல் முட்டை உருவாகாது. நான் வளர்த்த பச்சைப்பாசி அதைத் தானாகச் செய்யாது. சாதாரண அழுக்குத் தொட்டியில் பற்றீரியா இருக்கும், அது செய்து கொடுத்துவிடும். அதனால் யாரும் அதைப்பற்றி யோசிப்பதில்லை. என் தொட்டிகளில் பற்றீரியா இல்லை. நான் விட்டுவைக்கவில்லை. அந்தப் பச்சை வாளியின் ஏட்டையும் மணத்தையும் சாக்கடைக்கு அனுப்பியவளும் நான்தான். நுணுக்குக்காட்டிக்குள் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தது அம்மாவின் நோயைத்தான்.

வெள்ளவத்தைப் பார்மசியில் ஊசிமருந்துப் பெட்டியை வாங்கினோம். உள்ளே கபில நிறக் கண்ணாடிக் குப்பிகள் ஐந்து. டொக்டர் எழுதியது நாலு. வீடு வந்து, ஒன்றை நான் எடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். ஏனென்று சொன்னபோது அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்குக் குத்துற ஊசியைக் கொண்டுபோய்ப் பூச்சிக்குக் குத்தப் போறியோ?"

"குத்துறேல்லை அம்மா. பாசியில விடுறது. பாசி உறிஞ்சி வைச்சிருக்கும், பிறகு பூச்சி பாசியைச் சாப்பிடும், மீன் பூச்சியைச் சாப்பிடும்."

அம்மா பெட்டியிலிருந்து ஒரு குப்பியை உருவினார். "அந்த மீனை ஆக்கள் தின்னுவினமோ?"

"இல்லை. பாக்கிறதுக்கு மட்டும்."

"அப்ப கொண்டு போ," என்றார்.

அடுத்த நாள் காலையில் வேலைக்குப் போனதும் நான் பாசி அறைக்குப் போகவில்லை. அக்கா கடையில் தொட்டிக் கண்ணாடியைப் பிளேட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

"அக்கா, மூன்று தடவையும் குஞ்சு செத்தது உங்கட கையால இல்லை. சோடியாலயும் இல்லை. நான் கழுவினதால."

அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. நான் பின்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வாளியில் இருந்தது என்ன, நான் கொட்டியது என்ன, பாசி எதைத் தராது, அம்மாவுக்கு என்ன வருத்தம் என்பது வரைக்கும். பிளேட்டின் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது.

"அப்ப என்ட ஊத்தை வாளி சரி," என்றார் அக்கா, கண்ணாடியைப் பார்த்தபடியே.

"ஓம் அக்கா."

"சட்டியத் தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்டை போடுற மருமகள் கதை கேட்டிருக்கன். அவளுக்குச் சம்பளம் குடுத்து வைச்சிருக்கன் எண்டு தெரியாது."

அவர் திரும்பினார். கோபம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. கண்கள் சிவந்திருந்தன. ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"நான் பொம்பிளைக்கு வயசு போட்டுது எண்டு அதுக்கு முன்னாலயே நிண்டு சொன்னனான்," என்றார். "அந்தோனியாரோடயும் சண்டை பிடிச்சிட்டு வந்தனான். எல்லாரிட்டயும் மன்னிப்புக் கேக்கவேணும் இப்ப." பிறகு, "நீங்க சொல்லாமலே அந்த மருந்தை விட்டிருக்கலாம் மிஸ். எனக்கு எங்க தெரியப்போகுது?"

அப்படி நான் யோசிக்காமல் இருந்தேன் என்று சொன்னால் அது உண்மையில்லை. ஆனால் அந்த மூன்று தடவையின் பாரமும் அவரிடமே கிடந்திருக்கும். அதைச் சொல்லத் தெரியாமல், முட்டை பொரிக்க இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது என்றேன். அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் படியேறினார்.

குப்பியின் கழுத்தை உடைத்து, கெட்டியான பாசி ஒரு போத்தலில் அந்தச் சிவப்பு மருந்தை விட்டேன். பச்சைக்குள் விழுந்த சிவப்பு ஒரு கணம் புகைபோல் நின்று கரைந்தது. வெளிச்சம் பட்டால் விற்றமின் பழுதாகும் என்பதால் போத்தலை அக்காவின் கறுப்புக் குடையால் மூடினோம். பின்னேரம்வரை பாசியை உறிஞ்சவிட்டு, பிறகு ரொட்டிஃபர்களுக்குப் போட்டேன். கிருமிகொல்லியையும் நிறுத்தினேன். சுவரிலிருந்த பட்டியலில் ஒன்பது வரிகளை வெட்டியபோது, பாசி அறைக்குத் திரும்பிப் போகக்கூடாது என்ற வரியை மட்டும் வெட்டவேண்டாம் என்று அக்கா சொன்னார். அது நல்ல ஒழுங்காம்.

அடுத்த நாள் ஒரு மாற்றமும் இல்லை. அதற்கடுத்த நாள் காலையில் ஒரு சொட்டை எடுத்து வைத்து, கண்ணைப் பதித்துக்கொண்டு எண்ணினேன். எட்டு, பதினாலு, இருபத்திரண்டு. பின்பக்கத்தில் ஒரு முட்டை, சிலதில் இரண்டு. மூன்று முட்டையைச் சுமந்துகொண்டு நீந்த முடியாமல் சரிந்து சரிந்து போனது ஒன்று. எண்ணிக்கை தவறிவிட்டது, திரும்பத் தொடங்கினேன். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒற்றைக் கண்ணை மூடி நெடுநேரம் பார்த்தார். ஏதோ பகிடி வரும் என்று காத்திருந்தேன். "வயித்துப் பிள்ளைக்காரியள்," என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ரொட்டிஃபர்கள் மூன்று பீப்பாய்களை நிறைத்துவிட்டன. மண்சட்டியில் முட்டைகள் செம்மஞ்சளிலிருந்து வெள்ளிக்கு மாறி, ஒவ்வொன்றிலும் இரண்டு கண்கள் தெரிந்தன. திங்கட்கிழமை இருட்டியபின் பொரித்ததாக அக்கா எனக்கு போனில் செய்தி அனுப்பினார். செவ்வாய், புதன் இரண்டு நாளும் நான் தொட்டியின் அடியைப் பார்க்கவில்லை. மேலே மட்டும் பார்த்தேன். குஞ்சுகள் உடலை எஸ் வடிவத்தில் வளைத்து, ஒரு கணம் நின்று, சட்டென்று முன்னால் பாயும். பாய்ந்தால் ஒரு ரொட்டிஃபர் போயிற்று. ஒரு குஞ்சை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். கண்ணாடி போன்ற உடலுக்குள் வயிறு பச்சையாக இருந்தது.

வியாழக்கிழமை மூன்றாம் நாள். பஸ் ஆமர் வீதியில் நெடுநேரம் நின்றது, இறங்கி நடந்தேன். மேலே போனபோது அக்கா டோர்ச் லைட்டோடு தொட்டியின் அருகில் குந்தியிருந்தார். அடியில் சில நூல்துண்டுகள் கிடக்கத்தான் செய்தன. ஆனால் தண்ணீருக்குள் எங்கு பார்த்தாலும் அசைவு இருந்தது. அவர் டோர்ச்சை என்னிடம் தந்துவிட்டுக் கடை திறக்கப் போனார்.

நானாவிடம் வரவேண்டாம் என்று சொல்ல அக்கா மறந்துவிட்டாரோ, அல்லது சொல்லாமலே விட்டாரோ தெரியாது. சனிக்கிழமை அவர் ஒட்சிசன் அடித்த பையும் மீன் அனுப்பும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியுமாகப் படியேறி வந்துவிட்டார். மூச்சு வாங்கியபடி சோடியைப் பார்த்தார்.

"தங்கச்சி, எல்லாம் ரெடியா ஈக்கிதா?"

"இஞ்ச வாங்க நானா," என்று அக்கா அவரைக் குஞ்சுகள் இருந்த பக்கத்துத் தொட்டிக்கு அழைத்துப்போனார். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். பிறகு கண்ணாடியில் விரலை வைத்து ஒன்றைப் பின்தொடர்ந்தார். நான் பக்கத்தில் நின்று, இன்னும் ஒரு கிழமையில் வெள்ளைக் கோடு விழும்போது நிறையக் குஞ்சுகள் சாகும், இதை வைத்து எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று விளக்கினேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எத்தனை தப்பும்?" என்று நானா கேட்டார்.

"தப்புறது தப்பட்டும்," என்றார் அக்கா. "சோடி இஞ்சதான். பிறகு கோடு விழுந்த பிள்ளையள் வந்தா உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுவன்."

நானா நிமிர்ந்து கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். பண்ணைக்காரருக்குத் தான் என்ன சொல்வது என்று முறைப்பாடு செய்தார். ஆனால் முகத்தில் முறைப்பாடு இல்லை. இன்னொருமுறை குனிந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னதுகளுக்கு என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். "ரொட்டி," என்றார் அக்கா. அவர் நம்பவில்லை.

அவர் வெறும் பெட்டியோடு படியிறங்கிக்கொண்டிருந்தபோது நான் சல்லடையை எடுத்தேன். குஞ்சுகளின் பதினொரு மணிச் சாப்பாடு பிந்திவிட்டிருந்தது. அக்கா பீப்பாய் மூடியைத் திறந்து பிடித்தார்.